குடியை விட நினைப்பவருக்குத் துணைக்குழு: வணிகர் அறிய வேண்டிய பாடம்



ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எத்தனையோ பாடங்களை நாம் படித்து வருகிறோம். அவை எல்லாம் கடையைக் காக்கும் பாடங்கள். இம்முறை கடைக்காரரைக் காக்கும் பாடம் ஒன்றைப் படிப்போம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மொத்த வியாபாரமோ சில்லறை வியாபாரமோ செய்கிற எவருக்கும் இந்தப் பாடம் தேவைப்படாது என்று சொல்லிவிட முடியாது. நமக்கு இல்லாவிட்டால் நம் பங்காளிக்கு, நம் வாடிக்கைக்காரருக்கு, நம் கடைச் சிப்பந்திக்கு, மூட்டை இறக்கும் தொழிலாளிக்குத் தேவைப்படும்.

நம் மாநிலத்தில் மதுக்கடையைச் சட்டம் மூடியதும் உண்டு, திறந்ததும் உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1971-ல் அது தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் நடத்துகிறது. கடை இருக்கலாமா கூடாதா என்பது அரசியல். அதைப் பேச வேறு மேடைகள் உண்டு. குடியை விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கும் ஒரு மனிதர் இன்று எங்கே போவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

1. பேரேடு முதலில் சொல்லும்

ஒருவரின் குடி எல்லை மீறியதை மருத்துவருக்கு முன்பே அறிபவர் மொத்த வியாபாரிதான். காலை ஏழு மணிக்குத் திறந்த கடை ஒன்பதரைக்குத் திறக்கிறது. சனிக்கிழமை வர வேண்டிய பாக்கி செவ்வாய்க்குப் போகிறது. செக் திரும்புகிறது. இங்கே நிலுவை நிற்கும்போதே அடுத்த மண்டியில் புதிதாகக் கடன் வாங்குகிறார். கல்லாவில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் உட்கார்ந்திருக்கிறான். போன் செய்தால், “அப்பா வெளியே போயிருக்காங்க அண்ணாச்சி” என்று அந்தப் பையன் சொல்லுகிறான். பற்று வரவு பார்க்கத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த நிலையில் நாம் வழக்கமாகச் செய்வது மூன்று. கடைத்தெருவில் பேசுவோம். நேரில் பார்த்தால் புத்தி சொல்லுவோம். கடைசியில் சரக்கை நிறுத்துவோம். இந்த மூன்றாலும் குடியை விட்டவர்கள் மிகச் சிலரே. பணம் கொடுத்தவர் பாக்கியை வசூலிப்பது நியாயம்தான்; அதில் தவறில்லை. ஆனால் ஆளே போய்விட்டால் பாக்கியும் போயிற்று, முப்பது வருட வாடிக்கையும் போயிற்று.

2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு ஒன்று உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தியது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், 5.7 கோடிப் பேர் அதனால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவரே. மற்ற 37 பேரும் வெட்கத்தாலோ வழி தெரியாமலோ வீட்டிலேயே இருக்கிறார்கள்.

2. புத்தி சொல்லி ஏன் நிற்பதில்லை?

மதுவுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம்மவர் இதை ஒழுக்கக் குறையாகவே பார்க்கிறோம். திருவள்ளுவரே 93-ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கியிருக்கிறார். குடிக்கத் தொடங்காதவருக்கு அந்த அறிவுரை போதும். உடம்பே மதுவைக் கேட்கும் கட்டத்துக்குப் போனவருக்கு அறிவுரையோடு மருந்தும் துணையும் வேண்டும்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மண்டலம், 41 நாள், ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே பாட்டிலைத் திறப்பவர்களும் உண்டு. நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய பின் நிலைத்து நிற்பது வேறு வேலை. மாலை போட்ட நாட்களில் கூட வந்த குழு இருந்தது, வேளா வேளைக்குச் சரணம் சொல்ல ஆள் இருந்தது, “சாமி” என்று மரியாதையோடு அழைக்கும் ஊர் இருந்தது. மாலை கழன்றதும் அந்த மூன்றும் போய்விடுகின்றன. துணைக்குழு என்பது ஆண்டு முழுவதும் அந்தத் துணையைத் தரும் ஏற்பாடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வருடமாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் உண்டாகி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே முதல் படி மருத்துவர். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும், பி-1 வைட்டமினும் அவர் மேற்பார்வையில் தர வேண்டும். துணைக்குழு அதற்கு அடுத்த படி.

அதே போல, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் “மருந்து” கலப்பதும் கூடாது. டைசல்பிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது அருந்தினால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரும். இருதய நோயாளிக்கு உயிரே போகலாம். மருத்துவர் சொல்லி, குடிப்பவர் அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மாத்திரை அது.

3. ஒரு வியாபாரியின் தோல்வியில் பிறந்த குழு

உலகில் இன்று பரவியிருக்கும் துணைக்குழுக்களில் மூத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். பெயரை வெளியிடாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு என்று பொருள்.

இதன் தோற்றம் வணிகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியது. நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் பங்குச் சந்தைத் தரகர். குடியால் தொழிலைத் தொலைத்தவர். 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார். 1935 மே மாதம் ஆக்ரன் என்ற ஊருக்கு ஒரு இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காகப் போய், அதில் தோற்றார். கையில் பணமில்லை, தெரியாத ஊர், தங்கிய ஹோட்டலிலேயே மதுக்கூடம். குடிக்கப் போய்விடுவோமோ என்ற பயத்தில் அவர் செய்தது ஒன்றே: இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். தேவாலயங்களுக்கு டெலிபோன் செய்து, பலர் மூலம் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் பேசலாம் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் இருந்து பேசினார். அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள். அந்த நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டிருக்கிறது.

அந்தச் சந்திப்பில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அடிபட்டவர் தன் அனுபவத்தை அடிபட்டவரிடம் சொன்னார். அதைச் சொன்னதால் சொன்னவரும் அன்று குடிக்காமல் தப்பினார். கேட்பவருக்கு மட்டுமல்லாமல் சொல்பவருக்கும் லாபம் என்பதே இந்த முறையின் அடிப்படைக் கணக்கு.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-ல் வந்தது. தமிழகத்தில் இத்துறைக்குப் பெரிய வழி திறந்தவர் சாந்தி ரங்கநாதன். 1928-ல் விநியோக ஏஜென்சியாகத் தொடங்கி வளர்ந்த டி.டி.கே. குடும்பத்தின் மருமகள் அவர். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அழைப்பது அதுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவ்வளவு பெரிய வணிகக் குடும்பத்துக்குள்ளும் இந்த நோய் நுழைந்தது என்பதை, “நம் குடும்பத்தில் இதெல்லாம் வராது” என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பது வியாபாரியின் வழக்கம். 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடியை விட்டிருந்தவர்கள் 100-க்கு 42 பேர். வேறு மனநல ஆலோசனை முறைகளில் 100-க்கு 35 பேர். எல்லாரும் பிழைப்பதில்லை என்பதும், செலவில்லாத ஒரு வழி செலவுள்ள வழிகளுக்குக் குறைந்ததல்ல என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறது.

4. கூட்டத்தில் என்ன நடக்கும்?

போகத் தயங்குகிறவர்களின் பயம் எல்லாம் என்ன நடக்குமோ என்பதுதான். நடப்பது இவ்வளவே. ஒரு பள்ளி அறையிலோ தேவாலயக் கூடத்திலோ மருத்துவமனை அறையிலோ சிலர் கூடுவார்கள். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவர் தொடங்கி வைப்பார். “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லி ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைப் பேசுவார்கள். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. அங்கே கேட்டதை வெளியில் சொல்வதில்லை. வருகைப் பதிவேடு கிடையாது.

சந்தா இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். உறுப்பினராகத் தகுதி ஒன்றே: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்ற சத்தியத்தையும் யாரும் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள், இந்த 24 மணி நேரம் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் முறை. நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டியாக இருப்பார். ஆசை எழும் நேரத்தில் அவருக்குப் போன் செய்யலாம்.

கூட்டங்கள் சில இடங்களில் தேவாலயக் கூடங்களில் நடப்பதால் மத மாற்றமோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அவரவர் அறிந்த வகையில் ஒரு மேலான சக்தியை நம்பலாம் என்பதே அங்கே சொல்லப்படுவது. ஆண்டாள் சந்நிதியில் கும்பிடுகிறவர் அதை விட வேண்டியதில்லை. தொழுகைக்குப் போகிறவரும் அப்படியே.

5. தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலாவது, தொலைபேசி. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம். மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. கடையைப் பூட்டிய பின் இரவில் தனியாக இருந்து பேசலாம்.

இரண்டாவது, அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்று ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2025-ல் தமிழக அரசு “கலங்கரை” என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே சிகிச்சை முடிந்து வரும்போது, “ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?” என்று கேட்டு வர வேண்டும்.

மூன்றாவது, நேரடியாக ஏ.ஏ. அமைப்பு. அதன் இந்தியத் தலைமைச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஊர் வாரியாகக் கூட்டம் நடக்கும் இடம், நேரம் பற்றிய விவரத்தை அங்கே பெறலாம். மதுரையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. 2020 ஊரடங்குக்குப் பின் செல்போன் வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. கடையை விட்டு நகர முடியாதவருக்கு இது நல்ல வசதி. ஆனாலும் முதல் சில முறை நேரில் போவதே நல்லது.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால் எச்சரிக்கை வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. “அடித்துத் திருத்துவோம்” என்கிற இடத்தில் நம் மனிதரை விடக் கூடாது.

6. சிறிய ஊரின் சங்கடம்

சென்னையில் ஒருவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் அப்படியில்லை. பழைய பஸ் நிலையத்தில் இறங்கினால் நாலு பேர் “எங்கே அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். வியாபாரிக்கு நாணயமே முதல். குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் மண்டியில் கடன் நிற்குமோ, பெண்ணுக்கு வரும் வரன் தட்டுமோ என்ற பயம் பொய்யான பயம் அல்ல.

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இங்கே கூட்டம் அமையும்போது ராஜபாளையத்தார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரார் ராஜபாளையத்துக்கும் போகலாம். ஏ.ஏ. மரபின்படி, குடியை விடும் நோக்கத்தோடு இரண்டு மூன்று பேர் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் சேராத வரை, அது ஒரு குழு. ஆகவே மதுரைக்குப் போய்ப் பழகிய இரண்டு பேர் இருந்தால் நம் ஊரிலேயே ஒரு குழு தொடங்கலாம்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லுவோம். மருத்துவமனையில் இருந்து வந்தபின் ஞாயிறு மதியம் கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஐந்து மாதம் சரியாகப் போயிற்று. சாரல் காலத்தில் நண்பர்களோடு குற்றாலம் போனவர் அங்கே மறுபடி குடித்துவிட்டார். பத்து நாள் கடை திறக்கவில்லை. பிறகு வெட்கத்தோடு கூட்டத்துக்குப் போனாராம். “ஏன் குடித்தாய்?” என்று ஒருவரும் கேட்கவில்லை, “வாங்க, உட்காருங்க” என்று டீ கொடுத்தார்கள் என்று நம்மிடம் சொன்னார். அன்றிலிருந்து மீண்டும் முதல் நாள் என்று எண்ணத் தொடங்கி, நான்காவது வருடம் நடக்கிறது. வழுக்கி விழுவது இந்த நோயில் நடக்கக் கூடியது. விழுந்தவர் திரும்பப் போக ஓர் இடம் இருப்பதே முக்கியம்.

7. வீட்டாருக்கும் குழு உண்டு

குடிப்பவர் ஒருவர் என்றால் படுபவர் நாலு பேர். 1951-ல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவியோ தாயோ அதற்குப் போகலாம். அவர் குடியை நாம் உண்டாக்கவில்லை, நாம் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்பதை அங்கே தெரிந்துகொள்கிறார்கள். கல்லாக் கணக்கை மறைத்து, கடன்காரருக்குப் பொய் சொல்லிச் சமாளிக்கும் பெண்களுக்கு அந்த ஆறுதல் பெரிது.

8. நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: கூலியைச் சனிக்கிழமை மாலை ரொக்கமாகக் கொடுப்பதை மாற்றலாம். மதுக்கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. வாரத்தின் நடுவில் காலையில் கொடுக்கலாம். தொழிலாளி சம்மதித்தால் வங்கிக் கணக்கில் போடலாம்.

இரண்டு: சிகிச்சையில் இருப்பவருக்குச் சரக்கை ஒரேயடியாக நிறுத்தாமல், பழைய பாக்கியைத் தனியாக நிறுத்தி, வாராவாரம் சிறு தொகை கட்டச் சொல்லலாம். புதிய சரக்கை ரொக்கத்துக்குக் கொடுக்கலாம். கடனும் ஏறாது, கடையும் மூடாது.

மூன்று: கூட்டத்துக்குப் போகும் சிப்பந்திக்கு வாரம் ஒரு மாலை சீக்கிரம் விடை கொடுக்கலாம். எங்கே போகிறார் என்று மற்றவர் முன் கேட்கக் கூடாது.

நான்கு: வியாபார விருந்திலும் குற்றாலச் சுற்றுலாவிலும், வேண்டாம் என்பவரை “ஒரு கிளாஸ்தானே” என்று வற்புறுத்தக் கூடாது. அந்த ஒரு கிளாஸ் அவருடைய நாலு வருட உழைப்பைக் கலைத்துவிடும்.

ஐந்து: நன்கொடை. வணிகர் சங்கம் என்றதும் கை பைக்குப் போகும். ஆனால் ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். வேறு எந்த அமைப்பின் பெயரோடும் தன் பெயரைச் சேர்ப்பதும் இல்லை. ஆகவே நாம் பேனர் கட்டித் திறப்பு விழா நடத்தக் கூடாது. அவர்கள் கேட்டால், வாரம் ஒரு மாலை ஒரு அறையைச் சிறு வாடகைக்குத் தந்துவிட்டு, சாவியைக் கொடுத்து விலகி நின்றால் போதும். அந்த நேரத்தில் நம் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து யார் வருகிறார் என்று பார்க்காமல் இருப்பதும் அந்த உதவியில் சேர்ந்தது.

இந்தப் பக்கத்தில் உள்ள மூன்று எண்களையும் கடைக் காலண்டரின் பின்புறம் எழுதி வையுங்கள். யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. தேவைப்படுகிறவர் கண்ணில் அது படும். வாடிக்கைக்காரர் ஒருவரின் பேரேட்டில் நிலுவை ஏறுவதைப் பார்க்கும்போது, வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் ஒரு முறை அவரைத் தனியாக உள்ளே அழைத்து, “தம்பி, இப்படி ஒரு இடம் இருக்கு, போய்ப் பாரு” என்று சொல்லுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். சொல்லும் கடமை நம்முடையது.